நார்ட்டன் தேறுமா?



போன இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று ரிங்லெட்டிலிருந்து. வழக்கமாக அங்கிருந்து வரும் கடிதங்கள் தமிழ்ப்பள்ளியைப் பற்றியோ, மழைக்குச் சரிந்த சாலையைப் பற்றியோ இருக்கும். இந்தத் தம்பி கேட்டிருப்பது மோட்டார் சைக்கிளைப் பற்றி. “நம்ம ஓசூர் டிவிஎஸ், இங்கிலாந்து நார்ட்டனை வாங்கிப் புது வண்டி இறக்குகிறதாமே, அது தேறுமா ஐயா? நம்பி ஒன்று எடுக்கலாமா?” முதல் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவதை அவர் வீட்டம்மாவிடம் கேட்பதுதான் முறை.

வண்டிப் பேச்சு நம் மலைக்குப் புதிதில்லை. சனி, ஞாயிறு ஆனால் தாப்பா பாதையில் ஒரு கூட்டம், சிம்பாங் பூலாய் பாதையில் ஒரு கூட்டம் என்று பெரிய வண்டிகள் மேலே ஏறி வந்துவிடுகின்றன. அவற்றை பிரிஞ்சாங் கடைவரிசையில் நிறுத்திவிட்டுத் தே தாரிக் குடிக்கிறவர்களைச் சுற்றி நம் பையன்கள் வேடிக்கை பார்த்து நிற்பார்கள். கீரைக்கட்டு ஏற்றிய கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று, யாருடைய கண்ணிலும் படாமல் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். தோட்டத்துக்கும் கடைக்கும் பள்ளிக்கும் அந்தக் கப்சாய் போதும். நார்ட்டன் மாதிரி ஒரு வண்டியைத் தேவைக்கென்று யாரும் வாங்குவதில்லை, ஆசைக்குத்தான் வாங்குகிறார்கள். ஆசை இருக்கும் வரை பணம் வரும். வண்டி ஒரு முறை நடுவழியில் நின்றுவிட்டால் முதலில் கிளம்பிப் போவதும் அந்த ஆசைதான்.

நார்ட்டனின் பெயருக்கு வயது அதிகம். ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் 1898-ல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி அது. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-ல் முதல் டிடி பந்தயம் நடந்தபோது, இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபவுலர் ஜெயித்தது நார்ட்டன் வண்டியில். என்ஜின் மட்டும் பிரான்சின் பெஜோவிடம் வாங்கியது. 1950-ல் மெக்கான்லெஸ் சகோதரர்கள் அமைத்துக் கொடுத்த சட்டத்துக்கு ‘ஃபெதர்பெட்’ என்றே பெயர் வந்தது, இறகு மெத்தையில் படுத்த மாதிரி இருந்ததாம். அடுத்த ஆண்டே ஜெஃப் டியூக் 350, 500 என்று இரண்டு பிரிவிலும் உலகச் சாம்பியன். சே குவேரா 1952-ல் நண்பரோடு தென் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டதும் ஒரு பழைய நார்ட்டன் 500-ல்தான். சிலி நாட்டில் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மீதிப் பயணம் லாரியிலும் கப்பலிலும். நடுவழியில் நிற்பதில்கூட நார்ட்டனுக்குப் பழம்பெருமை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

1967-ல் வந்த கமாண்டோதான் கடைசிப் பெரிய வெற்றி. பெரிய இரட்டை சிலிண்டர் என்ஜினின் அதிர்வு ஓட்டுகிறவரின் கைக்கு ஏறாமலிருக்க அதை ரப்பர் தாங்கிகளின் மேல் உட்காரவைத்தார்கள். அதற்குள் ஜப்பான் வந்துவிட்டது. எண்ணெய் ஒழுகாத, பொத்தானை அமுக்கினால் கிளம்புகிற ஹோண்டாவை ஓட்டிப் பார்த்தவர்கள் கிக்கரை உதைக்கத் திரும்பி வரவில்லை. அரசாங்கம் 1973-ல் நார்ட்டனையும் டிரையம்ஃபையும் ஒன்றாகக் கட்டிக் காப்பாற்றப் பார்த்தது. 1975-ல் கையை எடுத்துக்கொண்டது. எழுபதுகள் முடிவதற்குள் கமாண்டோ நின்றுபோனது.

அதற்குப் பிறகு இந்தப் பெயரைத் தூக்கி நிறுத்த எத்தனை பேர் முயன்றார்கள் தெரியுமா? பிஸ்டனே இல்லாத ரோட்டரி என்ஜினை வைத்து ஒரு குழு இங்கிலாந்திலேயே வண்டி செய்தது. 1992-ல் ஸ்டீவ் ஹிஸ்லப் அதை ஓட்டி சீனியர் டிடி பந்தயத்தையே ஜெயித்தார். கம்பெனி ஜெயிக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் கமாண்டோவைப் புதிதாக வடித்துப் பார்த்தார், பணம் தீர்ந்தது. 2008-ல் ஸ்டூவர்ட் கார்னர் என்ற இங்கிலாந்துத் தொழிலதிபர் வாங்கினார். டோனிங்டனில் ஒரு மாளிகையையே தலைமையகம் ஆக்கினார். அமைச்சர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வண்டி கேட்டு முன்பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் எல்லாம் சரிந்து கம்பெனி திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது.

சரிந்த பிறகு வெளிவந்ததுதான் வயிற்றெரிச்சல். 200-க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பை நம்பி ஒப்படைத்த திட்டங்களின் பணம் நார்ட்டன் பங்குகளுக்குள் போயிருந்தது. ஓய்வூதியக் குறைதீர்ப்பாளர் அதே ஆண்டில் கார்னர் நேர்மையின்றி நடந்துகொண்டார் என்று தீர்ப்பளித்தார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட 8 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நம் இபிஎஃப் பணத்தை யாரோ ஒருவரின் பந்தய வண்டி ஆசையில் போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் டிவிஎஸ் உள்ளே வந்தது. 2020 ஏப்ரல், உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த கொரோனா மாதம். 16 மில்லியன் பவுண்டு ரொக்கம், நம் கணக்கில் 80 மில்லியன் வெள்ளிக்கு மேல். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்டு ஆரம்பித்த குடும்பத் தொழிலின் ஒரு கிளை இது. நம்மில் பலருக்கு டிவிஎஸ் என்றால் தமிழ்ப் படங்களில் பால்காரரும் வாத்தியாரும் ஓட்டிவரும் டிவிஎஸ் 50 மொபெட்தான் நினைவுக்கு வரும், 1980-ல் ஓசூரில் பிறந்தது. சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து தொழில் கற்று, 2001-ல் பிரிந்து, சொந்த வடிவமைப்பில் விக்டரை இறக்கித் தனியாக நின்று காட்டிய கம்பெனி. பிஎம்டபிள்யூவின் 310 சிசி வண்டிகளும் ஓசூரில்தான் உருவாகின்றன. ஆண்டுக்கு 40 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்கிறவர்களுக்கு நார்ட்டனின் எண்ணிக்கை கைச்செலவு மாதிரி.

வாங்கியவர்கள் முதலில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முந்தைய நிர்வாகம் விற்றிருந்த வி4 வண்டிகளைப் பிரித்துப் பார்த்து, முப்பதுக்கும் மேற்பட்ட குறைகள் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்கள். வாங்கியவர்களிடம் ஓட்ட வேண்டாம் என்று எச்சரித்தார்கள். சொந்தப் பெயருக்குத் தானே கரி பூசிக்கொள்வது எந்த வியாபாரிக்கும் எளிதில்லை. 2021-ல் மாளிகையை விட்டுவிட்டு சோலிஹல்லில் புதிய தொழிற்சாலையைத் திறந்தார்கள். 2022-ல் 100 மில்லியன் பவுண்டு முதலீடு என்று அறிவித்தார்கள். அதன்பின் அவசரப்படவில்லை. பழைய கமாண்டோ 961-ஐயும் திருத்திய வி4-ஐயும் கொஞ்சமாகச் செய்துகொண்டு, புது வண்டிகளை 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில்தான் காட்டினார்கள். 1200 சிசி நான்கு சிலிண்டரில் மேங்க்ஸ் ஆர், மேங்க்ஸ். 585 சிசி இரட்டை சிலிண்டரில் அட்லஸ், அட்லஸ் ஜிடி. வாங்கிய நாளிலிருந்து அதுவரை ஐந்தரை ஆண்டு.

அந்த ஐந்தரை ஆண்டு முக்கியம். இந்த மாதிரிக் கம்பெனிகள் சாவது பெரும்பாலும் முதலாளியின் பொறுமை தீரும்போதுதான். அதற்குச் சாட்சி வேண்டுமானால் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம்.

நம் கார் கம்பெனி புரோட்டோன் 2004 டிசம்பரில் இத்தாலியின் மோட்டார் சைக்கிள் கம்பெனி எம்வி அகுஸ்தாவில் பாதிக்கு மேற்பட்ட பங்கை 70 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது. வண்டிகள் அழகு, கடன் அதைவிடப் பெரிது. ஒரே ஆண்டில் நிர்வாகம் மாறி, கணக்கு மாறி, அந்தப் பங்கை ஒரு யூரோவுக்கு விற்றுவிட்டு வந்தது. துன் மகாதீர் கொதித்துப்போய்க் கேள்வி கேட்டதும், “ஒரு யூரோ” என்பது காப்பிக்கடைகளில் கேலிச் சொல்லாகவே ஆனதும் மூத்த வாசகர்களுக்கு மறந்திருக்காது. வேடிக்கை அத்தோடு முடியவில்லை. 2008-ல் ஹார்லி டேவிட்சன் அதே கம்பெனியை 100 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2010-ல் பழைய இத்தாலிய முதலாளிக்கே பெயரளவு விலையில் திருப்பிக் கொடுத்தது. புரோட்டோன் விற்றது தப்பா சரியா என்று இன்றும் வாதாடலாம். என் கட்சி, வாங்கியதே தப்பு என்பது. கார் விற்கவே மூச்சு முட்டிய கம்பெனிக்குப் பந்தய வண்டி வளர்க்க ஏது நேரம்?

இதற்கு எதிர்க்கதை சென்னையில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயல் என்ஃபீல்டும் இங்கிலாந்துக் குழந்தைதான், ரெடிட்ச் ஊர். இந்திய ராணுவத்துக்கு அதன் புல்லட் வண்டி தேவைப்பட, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. தொழிற்சாலை திருவொற்றியூரில். தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கண்ணை மூடியது. பிள்ளை மட்டும் மெட்ராஸ் வெயிலில் அதே பழைய இரும்பு என்ஜினை வைத்துக்கொண்டு ஓடியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு. போலீஸ்காரரும் பட்டாளத்துக்காரரும் பண்ணையாரும் வாங்கினார்கள், மற்றவர்கள் ஹீரோ ஹோண்டாவுக்குப் போனார்கள். 1994-ல் ஐஷர் குழுமம் வாங்கியும் தேறவில்லை. 2000-ல் மாதம் சுமார் 2,000 வண்டிதான் விற்பனை. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று இயக்குநர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று முன்வந்தவர் முதலாளியின் மகன் சித்தார்த்த லால், வயது 26.

அவர் விளம்பரத்தில் இறங்கவில்லை. எண்ணெய் ஒழுகலை நிறுத்தினார். ஒழுகாத, சூட்டில் இறுகாத புது என்ஜினைச் செய்து முடிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. கியரை இடது காலுக்கு மாற்றியபோது பழைய ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். இதற்கிடையில் ஐஷர் நடத்திய 15 தொழில்களில் 13-ஐ விட்டுவிட முடிவு செய்தார், டிராக்டர் உட்பட. நம் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு நிரை முழுக்க மொட்டைக் குச்சியாக நிற்கும், மாதக்கணக்கில் கொழுந்து கிடையாது, புதிதாகப் பார்க்கிறவர் செடி செத்தது என்றே நினைப்பார். ஐஷரின் பங்குதாரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். (அந்த டிராக்டர் தொழிலை 2005-ல் வாங்கியது சென்னையின் டாஃபே. அதன் தலைவி மல்லிகா சீனிவாசன், டிவிஎஸ் மோட்டாரின் வேணு சீனிவாசனுடைய மனைவி, இன்று நார்ட்டனை நடத்தும் சுதர்சன் வேணுவின் தாயார். சென்னைத் தொழில் உலகம் எவ்வளவு சின்னது!)

2009-ல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் வந்தது. பார்வைக்குத் தாத்தா காலத்து வண்டி, உள்ளே புது என்ஜின். ஓட்டிப் பார்த்தவர்கள் அடுத்தவரிடம் சொன்னார்கள். திருவொற்றியூர் போதாமல் ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2018-ல் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள், 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. மூடலாமா என்று பேசிய நாளிலிருந்து கால் நூற்றாண்டு!

மைசூரின் ஜாவா மோட்டார் சைக்கிள் கதை இதற்கு நேர்மாறு. 1996-ல் மூடிய ஐடியல் ஜாவாவின் பெயரை மகிந்திராவின் பணத்தோடு 2018 நவம்பரில் மறுபடி அரங்கேற்றினார்கள். ஊரே முன்பதிவு செய்தது. வண்டி கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. காத்திருந்தவர்களில் பலர் வந்த எரிச்சலில் புல்லட் வாங்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி இன்றும் இருக்கிறது, எஸ்டி, பிஎஸ்ஏ என்று இன்னும் இரண்டு பழைய பெயர்களையும் எழுப்பிவிட்டது. அந்த முதல் நாள் சூடு மட்டும் திரும்பவில்லை.

சோலிஹல் என்று சொன்னேன் அல்லவா. அந்த ஊர்ப் பெயர் நமக்கு வேறு வழியில் பழக்கம். கம்போங் ராஜாவிலும் கியா ஃபார்மிலும் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, கதவு ஒரு பக்கம், கூரை ஒரு பக்கமாக மேட்டில் ஏறுகிற லேண்ட் ரோவர்கள் பிறந்த ஊர் அது. 1948-ல் தொடங்கி 2016 ஜனவரி வரை அந்தப் பழைய வடிவம் அங்கே உருவானது. 2008-லிருந்து அந்தக் கம்பெனிக்கும் முதலாளி இந்தியர், டாடா. தொழிற்சாலை நிறுத்திய பிறகும் இந்த மலையில் அந்த வண்டிகள் நிற்கவில்லையே, ஏன்? கெட்டால் சரிசெய்ய ஆள் இருக்கிறார், பொருத்தச் சாமான் கிடைக்கிறது. ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் இன்னொன்றுக்குப் போகும், அதன் அச்சு மூன்றாவதற்கு வரும். நம் பட்டறைகளில் கையில் கிரீசோடு நிற்கும் போமேன்கள், அதாவது மெக்கானிக்குகள், அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பெயரை இங்கே உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஆகவே ரிங்லெட் தம்பிக்கு என் பதில், மிலான் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்ற வண்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது. மேங்க்ஸ் ஆர் 200 குதிரைத் திறனைத் தாண்டுகிறது, அழகாகவும் இருக்கிறது. அது கம்பெனியின் நெற்றிப் பொட்டு. சோறு போட வேண்டியது அட்லஸ். அதை ஓசூரில் செய்யப் போவதாக அறிவித்திருக்கிறார்கள், சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இங்கிலாந்துக் கூலியில் நடுத்தர விலை வண்டி செய்து பிழைத்தவர்கள் குறைவு. பந்தயப் பெயரைக் காட்டிக்கொண்டு விலையை மட்டும் வானத்தில் வைத்தால், நார்ட்டன் மறுபடி ஒரு கண்ணாடிப் பெட்டிப் பொம்மையாகிவிடும்.

ஆனால் அட்லஸ் இறங்கும் தெருவில் கூட்டம் அதிகம். டிரையம்ஃப் 2023 முதல் பஜாஜோடு சேர்ந்து இந்தியாவில் 400 சிசி வண்டிகள் செய்கிறது. பிஎஸ்ஏ மகிந்திரா பக்கம். ராயல் என்ஃபீல்டின் 650 வண்டிகள் உலகம் முழுக்க ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. ஒரு காலத்தில் பர்மிங்காமைச் சுற்றி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த பெயர்கள் இன்று சென்னை, ஓசூர், புனே வட்டாரத்தில் முறைத்துக்கொள்கின்றன. பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரியாவின் கேடிஎம் 2024 நவம்பரில் விற்காத வண்டிகளைக் கிடங்கில் அடுக்கிவைத்துக்கொண்டு திவாலின் வாசலுக்குப் போனது, பஜாஜ் 800 மில்லியன் யூரோ கொண்டுவந்து தூக்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் என் கணிப்பைக் கேட்டால், நார்ட்டன் இந்த முறை சாகாது. டிவிஎஸ் கடன் வாங்கி விளையாடும் ஆள் இல்லை, மொபெட் விற்ற காசில் பொறுமையாக உட்கார்ந்திருக்கத் தெரிந்த குடும்பம். சொந்தக் காலில் லாபத்தோடு நிற்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு முதல் ஆண்டு விற்பனையை நான் பார்க்கமாட்டேன், ஆசைக்காரர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டைத்தான் பார்ப்பேன். ஈப்போவில் ஒருவருக்கு கிளட்ச் கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் வருகிறது? உத்தரவாதத்தில் சண்டை போடாமல் மாற்றிக் கொடுக்கிறார்களா? பழைய வண்டியை விற்கப் போனால் கடைக்காரர் முகத்தைச் சுளிக்காமல் விலை சொல்கிறாரா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தம்பி தாராளமாக யோசிக்கலாம். அதுவரை பி2 உரிமம் 250 சிசியோடு நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, பெரிய வண்டிக்கான உரிமத்தை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் நம் மலை வட்டாரத்துப் பழைய வண்டிகளுக்காக நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். தாத்தா தோட்டத்துக்கு ஓட்டிப் போன பிஎஸ்ஏ, அப்பாவின் முதல் மொடேனாஸ் கிறிஸ், வேலி ஓரம் கோழி அடைந்து கிடக்கும் லேண்ட் ரோவர், எதுவானாலும் சரி. படத்தோடு எழுதி அனுப்புங்கள். வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை, யார் பழுது பார்த்தார் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பழுது பார்த்தவர் இன்னும் தொழிலில் இருந்தால் அவர் பட்டறைக்கே எங்கள் படக்காரரை அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்
பிரிஞ்சாங்